சிரித்துக் கெட்ட கடை

கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் அந்தப் பழமொழி புழக்கத்தில் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் வால்மார்ட் கம்பெனிக்குச் சுமார் நூறு கோடி டாலர் மிஞ்சியிருக்கும். நமக்கு இந்தக் கதை கிடைக்காமல் போயிருக்கும். ஆகவே இல்லாததும் நல்லதற்கே.

வருஷம் 1997. வால்மார்ட் அப்போதே உலகின் ஆகப் பெரிய கடைக்காரர். மெக்சிகோவிலும் கனடாவிலும் கடை விரித்தாயிற்று. வாங்குகிற ஜனமும் வந்தாயிற்று. அடுத்தது ஐரோப்பா. அங்கே எந்த நாடு? எட்டுக் கோடி மக்கள், எல்லார் பையிலும் காசு, வரிசையில் நில் என்றால் நிற்கிற சுபாவம். ஜெர்மனியைவிட நல்ல சம்பந்தம் அமையுமா? ஜாதகத்தைப் பார்த்தால் பத்துக்குப் பத்து. மலிவு விலைக் கடை என்றால் என்னவென்று அந்த ஜனங்களுக்குக் காட்டிவிட்டு வருவோம் என்று பென்டன்வில் தலைமையகத்திலிருந்து கிளம்பிவிட்டார்கள்.

ஜாதகம் பார்த்தவர் சொல்ல மறந்த விஷயம் ஒன்று உண்டு. அந்த ஊரில் ஏற்கெனவே இரண்டு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள்.

எஸ்ஸன் நகரத்தில் சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் பகுதி ஒன்றில் ஆன்னா ஆல்பிரெக்ட் என்கிற அம்மாள் 1913-இல் சின்ன மளிகைக் கடை போட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்து கார்ல், தியோ என்ற இரண்டு பிள்ளைகளும் கடையைக் கையில் எடுத்தார்கள். அவர்களுடைய வியாபாரத் தத்துவத்தை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்: விலை குறைய வேண்டும், குறைக்க உதவாத எதுவும் கடைக்குள் இருக்கக் கூடாது. அலங்கார அலமாரி வேண்டாம். வந்த அட்டைப் பெட்டியை வாயைக் கிழித்து அப்படியே வை. பத்து ரக மாவு வேண்டாம், ஒன்று போதும். குளிர்பதனப் பெட்டியா? கரண்ட் பில் யார் கட்டுவது? வெகுகாலம் கெட்டுப்போகிற சரக்கையே தொடாமல் ஓட்டினார்கள்.

1960 வாக்கில் சகோதரர்களுக்குள் சண்டை வந்தது. சொத்தா, பெண்ணா, மண்ணா? இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் சிகரெட் விற்பதா, கூடாதா என்பதில் சண்டை. பாகம் பிரித்துக்கொண்டார்கள். வடக்கு தியோவுக்கு, தெற்கு கார்லுக்கு. இன்றைக்கும் ஜெர்மனியின் குறுக்கே ஓடும் அந்த எல்லையை, ஆல்டி என்கிற அவர்கள் கடைப் பெயரை வைத்து, ‘ஆல்டி பூமத்திய ரேகை’ என்றுதான் ஜனங்கள் சொல்கிறார்கள். பெர்லின் சுவரை இடித்துவிட்டார்கள். இந்தக் கோட்டை யாரும் தொடவில்லை.

1971-இல் தியோவைக் கடத்திக்கொண்டு போனார்கள். அவர் போட்டிருந்த மட்டமான கோட்டைப் பார்த்துக் கடத்தல்காரர்களுக்கே சந்தேகம் வந்து, நீதான் அந்தப் பணக்காரனா என்று அடையாள அட்டையை வாங்கிப் பார்த்ததாகச் சொல்வார்கள். பதினேழு நாள் கழித்து எழுபது லட்சம் மார்க் கைமாறியது. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் எஸ்ஸன் நகரத்துப் பிஷப். வீட்டுக்கு வந்த தியோ செய்த காரியத்தில்தான் வியாபாரி தெரிகிறார். பிணைப்பணத்தைத் தொழில் செலவாகக் கணக்கில் எழுதி வருமான வரியில் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போனார். அதன் பிறகு சகோதரர்கள் இருவரும் வெளி உலகத்துக்கு முகம் காட்டியதே அபூர்வம். போட்டோ எடுக்கக்கூட ஆள் சிக்கவில்லை.

இந்தப் பக்கம் வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டனைப் பாருங்கள். 1962-இல் அர்க்கன்சாவின் ரோஜர்ஸ் என்கிற ஊரில் முதல் கடை. அவரும் கஞ்சர்தான், காசு விஷயத்தில் ஆல்பிரெக்ட் குடும்பத்தோடு சம்பந்தம் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் மனிதர் உற்சாகப் பேர்வழி. லாபம் இத்தனை சதவீதம் வந்தால் ஆடிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டித் தோற்று, 1984-இல் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் புல்லுப் பாவாடை கட்டிக்கொண்டு ஹவாய் நடனம் ஆடினார். அதற்கு முன்பு 1975-இல் கொரியாவுக்குப் போனபோது டென்னிஸ் பந்துத் தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர்கள் காலையில் கூட்டமாகக் கோஷம் போடுவதைப் பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா? ஊருக்குத் திரும்பி எல்லாக் கடையிலும் கோஷம் போட வைத்துவிட்டார். அவர் 1992-இல் காலமானார். கோஷம் காலமாகவில்லை.

ஆக இரண்டு கஞ்சத்தனம். ஒன்று ஆடிப் பாடுகிற கஞ்சத்தனம், இன்னொன்று வாயைத் திறக்காத கஞ்சத்தனம். முதலாவது இரண்டாவதன் வீட்டுக்குள் பெட்டி படுக்கையோடு நுழைந்தது.

நுழைந்த விதமும் விசேஷம். ஜெர்மனியில் நினைத்த இடத்தில் பிரம்மாண்டமான கடை கட்ட முடியாது. நகரமைப்புச் சட்டம் விடாது. ஆகவே கட்டிய கடையாக வாங்க வேண்டியிருந்தது. 1997 டிசம்பரில் வெர்ட்காஃப் என்கிற நிறுவனத்தின் 21 கடைகளை வாங்கினார்கள். நல்ல கடைகள், ஒழுங்கான வியாபாரம், குறை சொல்ல முடியாது. அதோடு நின்றிருக்கலாம். அடுத்த ஆண்டு இன்டர்ஸ்பார் கடைகள் 74 விலைக்கு வந்தன. பல கடைகளுக்குப் பெயின்ட் அடித்தே வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளூர் வியாபாரி எவரும் அவசரப்பட்டுக் கை நீட்டாத சரக்கு ஏன் நம்மிடம் வருகிறது என்று யோசிப்பதுதான் வியாபாரம். வால்மார்ட் யோசிக்காமல் வாங்கியது. மொத்தம் 95 கடை. தலைமையகம் வூப்பர்டால் நகரத்தில்.

வூப்பர்டால் என்றதும் ஒரு கிளைக்கதை சொல்லியே ஆக வேண்டும். அந்த ஊரில் ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் ரயில் உண்டு. 1950 ஜூலையில் சர்க்கஸ்காரர் ஒருவர் விளம்பரத்துக்காக டுஃபி என்கிற குட்டி யானையை டிக்கெட் எடுத்து அந்த ரயிலில் ஏற்றினார். ரயில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சத்தமும் ஆட்டமும் தாங்காமல் யானை மிரண்டு, பெட்டியின் பக்கவாட்டைப் பிய்த்துக்கொண்டு கீழே ஓடும் வூப்பர் ஆற்றில் குதித்துவிட்டது. பெரிய காயமில்லை. சர்க்கஸ்காரருக்கு அபராதம். வெளியூர்ப் பெரிய பிராணியை விளம்பரத்தோடு கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும் என்று இதைவிடத் தெளிவாக ஒரு ஊர் எப்படிச் சொல்ல முடியும்? பென்டன்வில்காரர்கள் தலைமையகத்துக்கு இடம் பார்க்கும்போது ஸ்தல புராணத்தையும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

முதல் தலைவராக வந்தவர் ரான் டியார்க்ஸ். அமெரிக்காவில் நிறையக் கடைகளைக் கட்டி மேய்த்த அனுபவஸ்தர். ஜெர்மன் தெரியாது. அதனால் என்ன, மற்றவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்தால் போயிற்று என்று அதிகாரிகள் மட்டத்தில் அலுவல் மொழி ஆங்கிலம் என்று அறிவித்துவிட்டார்கள். ஜெர்மானியர்கள் ஜெர்மானியர்களுக்கு முட்டைக்கோஸ் விற்பது எப்படி என்று ஜெர்மானியர்கள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கூட்டம் போட்டார்கள். நாற்பது வயதில் முட்டைக்கோஸ் வியாபாரம் பழகிய மேலாளருக்கு ஆங்கிலம் பேசத் தயக்கம். ஆங்கிலம் பேசத் தெரிந்த பையனுக்கு முட்டைக்கோஸ் தெரியாது. அப்புறம் பதவிக்கு வந்தவர் ஓர் ஆங்கிலேயர். அவர் இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்தே ஜெர்மனியை நடத்தினார். பிறகு ஒரு ஜெர்மானியர், பிறகு இன்னொருவர். முதல் நான்கு வருஷத்தில் நான்கு தலைவர்கள். வாசல் பலகையில் பெயர் எழுதுகிறவருக்கு மட்டும் நிரந்தர வேலை.

சரக்கு கொள்முதலில் நடந்த கூத்துக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். தலையணை உறை. ஜெர்மானியத் தலையணை பெரிய சதுரம். பக்கத்துக்கு 80 சென்டிமீட்டர். அமெரிக்கத் தலையணை நீளவாக்கு. வந்து குவிந்ததோ அமெரிக்க அளவு உறைகள். வீட்டுக்குக் கொண்டுபோன அம்மாள் சதுரத் தலையணையை அந்த நீளப் பைக்குள் திணிக்கப் பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு நாட்டு ஜனங்கள் எதில் தலை வைத்துப் படுக்கிறார்கள் என்று பார்க்காமலே அந்த நாட்டில் 95 கடை வாங்கலாம் என்பது வரலாற்று உண்மை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சிரிப்பு.

வால்மார்ட் சாஸ்திரப்படி, கடை வாசலில் ஒருவர் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டும். உள்ளே எந்த ஊழியரும் வாடிக்கையாளர் பத்தடி தூரத்துக்குள் வந்தால் கண்ணைப் பார்த்துச் சிரித்து, என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். கல்லாவில் சாமானை ஊழியரே பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அர்க்கன்சாவில் இது மரியாதை. ஜெர்மனியில் இதைக் கண்டவர்கள் மிரண்டார்கள். வாசலில் நிற்கிற இந்த ஆள் யார்? எனக்கு இவரைத் தெரியாதே, எனக்கு ஏன் வணக்கம் சொல்கிறார்? எதையாவது என் தலையில் கட்டப் பார்க்கிறாரா? இவருக்குச் சம்பளம் உண்டா? உண்டென்றால் அது என் வெண்ணெய் விலையில்தானே ஏறியிருக்கும்? கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. முப்பது நாற்பது வருஷம் ஆல்டியிடம் பாடம் படித்தவர்கள்.

ஆண் வாடிக்கையாளர்களின் பிரச்சினை வேறு. கல்லாவில் இருந்த பெண் சிரித்ததும், நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று சிலர் நிமிர்ந்து நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்கள். இது நான் கட்டிய கதையில்லை; தொழிற்சங்கக்காரர்களே பிறகு பத்திரிகைக்குச் சொன்னது. காலர் மட்டும் என்னுடையது. கடைசியில் சிரிக்கும் விதியைக் கைவிட வேண்டியதாயிற்று.

பையில் போட்டுக் கொடுப்பது இன்னும் மோசம். ஆல்டியில் அப்போது எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் இது புரியும். ஒரு மார்க் காசைப் பூட்டுக்குள் செருகி டிராலியை உருவ வேண்டும். திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் காசு திரும்ப வரும், இல்லாவிட்டால் வராது. உள்ளே எழுநூறு சொச்சம் பொருள்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கல்லாவில் இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஸ்கேனர் வராத அந்தக் காலத்தில் கடையின் முழு விலைப்பட்டியலும் அவருக்கு மனப்பாடம். பால் வரும் முன்பே விரல் பால் விலையை அடித்து முடித்திருக்கும். சாமான் மறுபக்கம் சர்ரென்று வந்து விழும். விழுவதை அள்ளி டிராலிக்குள் போட வாடிக்கையாளரால் ஈடுகொடுக்க முடியாது. பின்னால் நிற்கிறவர் தொண்டையைச் செருமுவார். காசைக் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி, சுவரோரப் பலகையில் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பையில் நிதானமாக அடுக்க வேண்டியது. தக்காளி மேலே, பாட்டில் கீழே, அவரவர் கணக்கு. இந்தக் கணக்கில் அந்நியர் ஒருவர் கை வைத்து, முட்டை மேல் மாவைப் போட்டு, அதற்குச் சிரிக்கவும் சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆல்டிக்குப் போவதை ஏழ்மை என்று நினைத்தால் அதுவும் தப்பு. பென்ஸ் காரில் வந்து வரிசையில் நிற்பார்கள். 1996-இல் ஆல்டி சாமானை மட்டும் வைத்துச் சமைக்கும் புத்தகம் ஒன்று வந்து சக்கைப்போடு போட்டது. மலிவாக வாங்குவது அங்கே கெட்டிக்காரத்தனம். அந்தக் கெட்டிக்காரர்களிடம் போய், ‘நாங்கள் உங்களுக்கு மலிவைக் கொண்டுவந்திருக்கிறோம்’ என்றால்?

கோஷத்தை மறந்துவிடக் கூடாது. காலை வேளை, கடை திறக்கும் முன் ஊழியர்கள் வட்டமாக நிற்க வேண்டும். தலைமை தாங்குகிறவர் எழுத்தெழுத்தாகக் கேட்பார்: டபிள்யூ கொடு! எல்லாரும் டபிள்யூ! ஏ கொடு! ஏ! எல் கொடு! எல்! அப்போது கம்பெனிப் பெயரின் நடுவில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு வாயால் கோஷம் கிடையாது. இடுப்பை ஆட்ட வேண்டும். ஐம்பது வயதான வூப்பர்டால்காரர், இறைச்சிப் பிரிவு, முழங்கால் வலி, காலை ஏழு மணி. அவரைப் பார்த்து எழுத்துக்கு நடுவே இடுப்பை ஆட்டச் சொன்னார்கள். அந்த நாட்டில் கூட்டமாக நின்று கோஷம் போட்டதற்கு வேறு ஞாபகங்களும் உண்டு என்பதை நாகரிகம் கருதி யாரும் உரக்கச் சொல்லவில்லை.

சட்டங்களின் கதை இன்னும் ருசி. அமெரிக்காவில் இருபத்து நாலு மணி நேரமும் கடை திறந்துவைத்த கம்பெனிக்கு ஜெர்மனியில் சொன்னார்கள்: வார நாளில் இரவு எட்டுக்கு மூடு, சனிக்கிழமை மாலை நாலுக்கு மூடு, ஞாயிறு திறக்கவே திறக்காதே. சரி, ஏதாவது கொசுறு கொடுத்து ஜனங்களை இழுக்கலாம் என்றால், கொசுறைக் கட்டுப்படுத்தி 1932-இலேயே ஆணை போட்டிருந்தார்கள். தள்ளுபடி? மூன்று சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 1933-இல் சட்டம். நம் ஊர்க் கறிவேப்பிலை வியாபாரம் அங்கே நடந்திருந்தால் பாதிப் பேர் கோர்ட் படியேறியிருப்பார்கள். இரண்டையும் 2001-இல்தான் எடுத்தார்கள்.

விலையைக் குறைப்பது ஒன்றுதான் பாக்கி. அதுதானே நம் குலத்தொழில் என்று வால்மார்ட் பால், சர்க்கரை, மாவு விலையில் வெட்டியது. ஆல்டியும், லிடில் என்கிற இன்னொரு ஜெர்மன் மலிவுக் கடையும் சும்மா இருக்குமா? அவர்களும் வெட்டினார்கள். லாபம் ஒரு சதவீதம் தேறினாலே பெரிது என்கிற சந்தை அது. அதில் மூன்று கடோத்கஜன்கள் யார் அதிகம் நஷ்டப்படுவது என்று மல்லுக்கு நின்றார்கள். பாட்டிமார்களுக்குக் கொண்டாட்டம். 2000 செப்டம்பரில், பான் நகரத்தில் இருக்கும் கார்டெல் அலுவலகம் விசில் ஊதியது. வாங்கிய விலைக்குக் கீழே தொடர்ந்து விற்றுச் சின்னக் கடைகளை நசுக்கக் கூடாது, விலையை ஏற்று என்று உத்தரவு. விலை ஏற்றியதற்காகத் திட்டு வாங்கிய கடைக்காரரை நாம் பார்த்திருக்கிறோம். குறைத்ததற்காகக் கவர்ன்மென்ட் காதைத் திருகிய கடைக்காரரை இங்கேதான் பார்க்கிறோம். வழக்கு நீண்டு, 2002-இல் உச்ச நீதிமன்றம் கார்டெல் அலுவலகத்தின் பக்கம் சாய்ந்தது.

இத்தனை அடிக்கு நடுவிலும் வால்மார்ட் ஜெர்மனியில் ஒரு நல்ல காரியம் செய்தது. டோர்ட்முண்ட் கடையில் யாருக்கோ யோசனை உதித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்யாணமாகாதவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். டிராலியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் ஆள் தனி என்று அர்த்தம். வந்தவர்கள் ரிப்பனைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்கள். இந்த யோசனை அர்க்கன்சாவிலிருந்து வரவில்லை, அதனாலேயே ஓடியது. மற்றக் கடைகளுக்கும் பரவியது. பாஷை தெரிந்தவன் கையில் கடையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த முழுக் கதையிலும் கிடைக்கிற சாட்சி இது ஒன்றுதான்.

பென்டன்வில் சும்மா இருக்குமா? 2005 தொடக்கத்தில் ஜெர்மன் ஊழியர்களுக்கு ஒழுக்க விதிப் புத்தகம் வந்து சேர்ந்தது. ஒருவர் வேலையை இன்னொருவர் பாதிக்கக்கூடிய நிலையில் இருந்தால் அவர்களுக்குள் காதல் கூடாது. இச்சையான பார்வைகூடக் கூடாது. விதியை மீறுகிறவர்களைப் பற்றிப் போன் போட்டுக் கோள் சொல்லத் தனி நம்பர். ஆக வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலாடைக்கட்டிப் பகுதியில் வாடிக்கையாளர்கள் கண்ணோடு கண் நோக்கலாம். பாலாடைக்கட்டி வெட்டிக் கொடுக்கிறவர் ரொட்டிக்காரப் பெண்ணைப் பார்த்தால் போன் அடிக்கலாம். அடுத்தவனைக் காட்டிக்கொடுப்பது எப்படியெல்லாம் முடியும் என்று இரண்டு ஆட்சிகளின் கீழ் பார்த்துவிட்ட நாடு ஜெர்மனி. ஊழியர் மன்றம் கோர்ட்டுக்குப் போனது. எங்களைக் கேட்காமல் எப்படி விதி போடலாம் என்றார்கள். வூப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் ஜூனில் பல விதிகளை அடித்தது. நவம்பரில் டுசல்டார்ஃப் மேல் நீதிமன்றம் அந்தக் காதல் விதி மனித கண்ணியத்துக்கும் தனிமனித உரிமைக்கும் விரோதம் என்றது. மளிகைக் கடை விதி ஒன்று அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு வரைக்கும் போய் முட்டித் திரும்பியது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006 மே மாதம் வால்மார்ட் தென் கொரியாவை விட்டுக் கிளம்பியது. 16 கடைகளை உள்ளூர் ஷின்செகே வாங்கிக்கொண்டது. கோஷம் பிறந்த மண்ணிலேயே கோஷம் செல்லுபடியாகவில்லை. ஜூலை 28-இல் ஜெர்மனி. மிச்சமிருந்த 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். கை கழுவிய வகையில் நஷ்டம் சுமார் நூறு கோடி டாலர். பலகையை மாற்றி ‘ரியல்’ என்று எழுதினார்கள். ரியலும் நிலைக்கவில்லை, 2020-இல் முதலீட்டாளர்கள் கைக்குப் போய், துண்டு துண்டாக விற்கப்பட்டு, 2024-இல் கடைசிக் கடையையும் மூடினார்கள். ஜெர்மனியில் கை சுட்ட அதே ஆண்டு நவம்பரில் வால்மார்ட் பார்தி குழுமத்தோடு கைகோத்து இந்தியாவுக்கு வர ஒப்பந்தம் போட்டது. 2013-இல் அந்தக் கூட்டு பிரிந்தது. அதை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

வால்மார்ட் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறுவதற்கு இருபத்தோரு வருஷத்துக்கு முன்பே, 1976-இல், கார்லின் தெற்கு ஆல்டி சத்தம் போடாமல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கடை போட்டுவிட்டது. கோஷமில்லை, ஹவாய் நடனமில்லை. இன்று அங்கே ஆல்டிக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் கடைகள். 2017-இல் லிடிலும் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கர்கள் கால் டாலர் காசைச் செருகி டிராலியை உருவுகிறார்கள். கல்லாவில் இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சாமானைத் தள்ளுகிறார். அள்ளிக்கொண்டுபோய் அவர்களே அடுக்கிக்கொள்ள வேண்டியது. பை கேட்டால் அதற்குத் தனிக் காசு.